வெள்ளை அடிக்காத தை

வாடகை ஏறப்போகிறது என்ற செய்தி வந்தபோது என் கையில் ஒரு பேசின் நிறைய மழைத் தண்ணீர் இருந்தது. கார்த்திகை மாதம், மூன்று நாளாக விடாத மழை. கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகியது, படுக்கிற அறையில் இரண்டு இடத்தில். பேசினைத் தெருவில் கொட்டிவிட்டு வந்து, தையல் மிஷின்மேல் போர்த்தியிருந்த ரெக்சின் நகராமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். பிரான்சில் குடியேறிவிட்ட வீட்டுச் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார்.

"நல்லா இருக்கீங்களாம்மா? இங்க ஒரே குளிரு. ஒண்ணு சொல்லணும். தை மாசத்துலேருந்து வாடகைய ஏத்தலாம்னு இருக்கேன். இப்ப குடுக்குறதுல மூணுல ஒரு பங்கு கூட வரும். நீங்க வூட்ட நல்லா வெச்சிருக்கீங்க, அதான் மொதல்ல உங்களாண்ட கேக்குறேன். ஒத்துவரலன்னா பொங்கல் கழிச்சு காலி பண்ணிக்குங்க. நான் தையில வரேன், நேர்ல பேசிக்கலாம்."

வீட்டை நன்றாக வைத்திருக்கிறோமாம். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. எனக்குக் கோபம் வந்தால் முதலில் சிரிப்புதான் வரும். சிரித்து முடித்த பிறகுதான் பயந்தேன்.

பயந்தது வாடகைக்காக மட்டும் இல்லை. எங்கள் ஒரே மகளை உழவர்கரையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தையில், ஒன்பதாம் மாதத்தில், வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தாள். வலி எடுத்தால் எங்கள் தெருவிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. அதே தையில் வீட்டைக் காலி செய் என்றால் பிள்ளையை எங்கே அழைத்து வருவது?

வேறு வீடு பார்க்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்வது சுலபம். முத்தியால்பேட்டையில் முன்பு தெருவுக்கு நாலு வீடு காலியாக இருக்கும். கடல் பார்க்க வருகிறவர்களுக்கு அறை விட்டால் இன்னும் லாபம் என்று தெரிந்த பிறகு, எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கிற வீடெல்லாம் ஊரைத் தாண்டித்தான் இருந்தது. என் கணவர் சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவர், எங்கிருந்தாலும் பஸ் பிடித்துக்கொள்வார். நான் பிளவுஸ் தைக்கிறவள். என் தொழிலே இந்தத் தெருவும் பக்கத்து நாலு தெருவும்தான்.

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்னால் ஒரு கூடம், நடுவில் ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு. மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசிய பழைய மச்சு. வெயில் காலத்தில் அப்படி ஒரு குளுமை. ஆனால் மேல்தளத்தை அவ்வப்போது பார்த்துப் பூசவேண்டும். நாங்கள் குடியிருந்த பதினோரு வருஷத்தில் யாரும் பூசவில்லை. என் கணவர் ஏணி வைத்து ஏறி சிமெண்டைக் குழைத்து அப்பினார். ஒரு வருஷம் தார்ப்பாய் போட்டார். ஓர் ஓட்டையை அடைத்தால் தண்ணீர் இரண்டு முழம் தள்ளி வேறு வழி கண்டுபிடித்தது.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மழைக்கும் சொன்னோம். "வந்து பாக்குறேம்மா" என்பார். சொன்னபடி வருஷா வருஷம் வரவும் செய்தார். அங்கேதான் எங்கள் கோளாறு.

மார்கழிக் கடைசியில் வெள்ளை அடிப்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். சொந்த வீடோ வாடகை வீடோ, தை பிறக்கும்போது சுவர் வெளுத்திருக்கவேண்டும். வீட்டுக்காரரை எதிர்பார்க்க மாட்டோம். எங்கள் காசு, எங்கள் கை. போகிக்கு இரண்டு நாள் முன்பு நானும் அவரும் தலையில் துண்டு கட்டிக்கொண்டு இறங்கினால், கார்த்திகையில் வழிந்த பழுப்புக் கறையெல்லாம் காணாமல் போய்விடும். பொங்கல் முடிந்து நாலைந்து நாளில் வீட்டுக்காரர் வருவார். மழையும் இருக்காது, கறையும் இருக்காது.

வீடு தேடி வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப எனக்கு மனசு வராது. வடை சுடுவேன், பாயசம் வைப்பேன். அவர் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய் நிற்பார். "நான் இந்த ரூம்லதாம்மா பொறந்தேன்" என்பார். ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தை, அதே கண்ணீர். அந்த நேரம் பார்த்து நான், "மழையில கொஞ்சம் ஒழுவுது சார்" என்பேன். அவர் நாலா பக்கமும் பார்த்து, "எங்கம்மா?" என்பார். கை நீட்டிக் காட்ட அங்கே ஒன்றும் இருக்காது.

இதற்கு மேலும் ஒரு கூத்து செய்தேன். போன வருஷம் மார்கழியில் அறையின் மச்சிலிருந்து பூசணிக்காய் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை யாரும் அங்கே இல்லை. அதிலிருந்து தினமும் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு கல்யாண கவுன் தைத்து மிஞ்சிய வான நீல சாட்டின் என்னிடம் இருந்தது. அதைக் கட்டில் அகலத்துக்குத் தைத்து, சுற்றிலும் ஃப்ரில் வைத்து, நாலு மூலையிலும் ஆணி அடித்து மேலே கட்டிவிட்டேன். தூளைத் துணி தாங்கிக்கொண்டது. ஓட்டையும் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் ஃப்ரில் வைத்து மறைத்தேன். அந்தத் தையில் வந்த வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, "ழொலி, ழொலி" என்றார். பிரெஞ்சில் அழகு என்று அர்த்தமாம். போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு போனார். என் தையலைப் பாராட்டினார் என்று எனக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை.

இதெல்லாம் எனக்கு உறைத்தது இந்தக் கார்த்திகையில்தான். அவர் பேசியதைக் கேட்டு முடித்த கையோடு, ஒழுகுகிற இடத்தையெல்லாம் படம் பிடித்து அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது.

"போட்டோவுல எல்லாம் பெருசாத்தாம்மா தெரியும். நான் போன தையில வந்து என் கண்ணால பாத்தேனே, செவுரு பால் மாதிரி இருந்துச்சே. மேல துணியெல்லாம் கட்டி ஓட்டல் மாதிரி வெச்சிருந்தீங்க. அத என் கூட்டாளிங்ககிட்ட காட்டுனேன். இந்த மாதிரி வூட்ட இவ்ளோ கம்மிக்கா உட்டிருக்கன்னு அவங்கதான் கேட்டாங்க."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் சுண்ணாம்பை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதுவும் பதினோரு வருஷமாக. அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரிது.

அன்று சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"இந்தத் தைக்கு வெள்ள அடிக்கப்போறதில்ல. துணியையும் அவுத்துடப்போறேன். அவரு வந்து கண்ணால பாக்கட்டும். அதுக்கப்புறம் வாடகையப் பத்திப் பேசட்டும்."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "பொண்ணு வர்ற நேரத்துலயா?" என்றார்.

"அவ வர்றதுக்குள்ள அடிச்சிடலாம். பொங்கல் முடிஞ்ச ஒடனே அவரு வந்துடுவாரு. பாத்துட்டுப் போனதும் ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொங்கல்போல ஒரு பொங்கலை நான் கொண்டாடியதில்லை. தெருவில் எல்லா வீடும் வெளுத்து நின்றது, எங்கள் வீடு மட்டும் அழுது வடிந்தது. பிளவுஸ் வாங்க வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லயாக்கா?" என்று விசாரித்தார்கள். கணவர் பெயிண்ட் பக்கெட்டை வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். பொங்கல் பானை பொங்கியபோது எனக்கு வாய் நிறையக் குரல் எழவில்லை.

சாட்டின் துணியை அவிழ்த்தபோது அதில் ஒரு படி சுண்ணாம்பும் செங்கல் துண்டுகளும் சேர்ந்திருந்தன. மேலே பார்த்தேன். ஓட்டை இப்போது இரண்டு பங்காகியிருந்தது. ஒரு மரக்கட்டையின் முனை கறுத்து, விரலால் அழுத்தினால் பொடியாகும்போல் இருந்தது. நாங்கள் ஒரு வருஷம் அதற்குக் கீழேதான் தூங்கியிருக்கிறோம்.

காணும் பொங்கல் முடிந்தது. வீட்டுக்காரர் ஊருக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது. போன் செய்தேன். முழங்கால் வலியாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்தது, அவர் வரவில்லை. புதன் என்றார். புதன் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே தைத்ததில் ஒரு பிளவுஸுக்குக் கையைத் திருப்பி வைத்துவிட்டேன். மத்தியானம் அவரே கூப்பிட்டார். "வெள்ளிக்கிழம சாயங்காலம் கண்டிப்பா வரேம்மா."

வெள்ளிக்கிழமைதான் வளைகாப்பு.

காலையில் உழவர்கரையில் வளையல் போட்டு, மத்தியானச் சாப்பாடு முடித்து, மாலை விளக்கு வைப்பதற்குள் மகளை அழைத்து வரவேண்டும். மாமியாரும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் சம்பந்தியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "வாடக வூடா?" வேறொன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு வார்த்தை மூன்று வருஷமாக என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அவர் வரும்போதெல்லாம் எவர்சில்வர் டம்ளரைக்கூடப் புளி போட்டுத் தேய்த்து வைப்பேன்.

வியாழக்கிழமை காலை கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு பக்கெட்டை வெளியே இழுத்தார்.

"நாளைக்கு அந்தம்மா வந்து பாத்தா மூஞ்ச எங்க வெச்சிக்கிறது? நான் அடிக்கப்போறேன். வாடகதான, குடுத்துத் தொலைக்கலாம்."

"அடிச்சிட்டா? மறுபடியும் துணியக் கட்டிட்டு, அதுக்குக் கீழ புள்ளையப் படுக்க வெக்கிறதா?"

"ஒரு மாசம்தான?"

"ஒரு மாசம் வுழாதுன்னு உனக்கு யாரு எழுதிக் குடுத்தது?"

நான் அவரை ஒருமையில் பேசுவது மிகக் கோபத்தில் மட்டும்தான். அவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார். நான் செய்வது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. அவர் சொன்னபடி அடித்துவிட்டால் நாளைக்கு மானம் தப்பும். ஆனால் வீட்டுக்காரர் கண்ணுக்கு மறுபடியும் பால் சுவர்தான் தெரியும். பக்கெட்டை, மூடியைக்கூடத் திறக்காமல், கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கட்டிலை மட்டும் ஓட்டைக்கு நேர் கீழிருந்து எதிர்ச் சுவரோரம் நகர்த்தினேன். சின்ன அறை, நகர்த்தியும் ஒரு முழம்தான் விலகியது.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. மகள் இரண்டு கை நிறைய வளையலோடு இறங்கினாள். முன்னதாகவே வந்து கரைத்து வைத்திருந்த ஆரத்தியை எடுத்தேன். அவள் உள்ளே காலை வைத்ததும் நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னாம்மா இது?" என்றாள் மெல்ல.

பின்னாலேயே சம்பந்தியம்மா வந்தார். கூடத்துச் சுவரில் கூரையிலிருந்து தரைவரை வழிந்திருந்த கறையை ஒன்று விடாமல் பார்த்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. மகளைக் கைத்தாங்கலாக அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். மச்சின் ஓட்டை அவருக்கு நேர் மேலே இருந்தது. கீழே குனிந்தபோது கட்டிலுக்கு அடியில் பக்கெட்டும் கண்ணில் பட்டது.

"பெயிண்ட் வாங்கி வெச்சிருக்கீங்க. ஏன் அடிக்கல?"

பொய் சொல்ல எனக்கு ஆயிரம் வழி இருந்தது. ஆள் கிடைக்கவில்லை, உடம்பு சரியில்லை, என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். உண்மையைத்தான் சொன்னேன்.

"அடிச்சா தெரியாமப் போயிடும் சம்பந்தி. வீட்டுக்காரரு வர்றாரு இன்னிக்கி. அவரு கண்ணால பாக்கணும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். வீட்டுக்காரர் கையில் சாக்லேட் டப்பாவோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். நொண்டி நொண்டி நேராக அறை வாசலுக்கு வந்தார். சுவரைப் பார்க்கவில்லை, யார் வந்திருக்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. பழக்க தோஷத்தில் அண்ணாந்தார்.

"எங்கம்மா அந்தத் துணி? ழொலியா இருந்துச்சே?"

"அவுத்துட்டேன் சார். அதுக்கு மேல என்னா இருந்துச்சின்னு பாருங்க."

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அந்த நேரத்தில் மேலே தெருப்பூனை ஓடியதோ என்னவோ, மச்சிலிருந்து பொலபொலவென்று சுண்ணாம்பு உதிர்ந்தது. கட்டிலின் ஓரத்திலும், என் மகளின் புதுப்புடவையிலும், வளையல்களிலும் விழுந்தது. அவள் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் இந்த ரூம்லதான் பொறந்தேன்" என்றார். எப்போதும் சொல்கிற அதே வார்த்தை. இந்தத் தடவை யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

"நீங்க பொறந்தப்ப மச்சு புதுசு," என்றார் சம்பந்தியம்மா.

வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனது. சாக்லேட் டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் மிஷின்மேல் வைத்தார். நான் பல நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "மொதல்ல மச்ச சரி பண்ணுங்க சார். சரியான மறுமாசத்துலேருந்து நீங்க கேட்ட வாடகையத் தரேன். அதுவரைக்கும் ஏத்தக்கூடாது, காலி பண்ணவும் மாட்டோம்." அவர் தலையை ஆட்டினார். திங்கட்கிழமையே கொத்தனாரை அனுப்புகிறேன் என்று சொல்லி, வந்த வழியே நொண்டிக்கொண்டு போனார். வடை பாயசம் எதுவும் அன்று இல்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பினால், சம்பந்தியம்மா என் மகளின் புடவையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டி முடித்து அவள் கையைப் பிடித்து எழுப்பினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. எம் மருமவள இங்க உட்டுட்டுப் போவ எனக்கு மனசு வரல. நானே பாத்துக்கிறேன்."

என் கணவர் ஏதோ சொல்ல வந்தார். நான் கையமர்த்தினேன். அந்தம்மா இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆரத்தித் தண்ணீர் இன்னும் வாசலில் காயாமல் இருந்தது. அதைத் தாண்டித்தான் என் பிள்ளை திரும்பிப் போனாள்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"வெள்ள அடிச்சிருந்தா நான் இருந்திருப்பேன்லம்மா?"

"நீ இருந்திருப்பம்மா," என்றேன். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்து, அதுவரை அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதேன். வீட்டைக் காப்பாற்றியது அவளுக்காக. வீடு இருக்கிறது, அவள் இல்லை.

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். வீட்டுக்காரர் அந்த அளவில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கட்டிலை வெளியே எடுக்கட்டுமா என்று கணவர் கேட்டார். "பாத்துட்டு சொல்றேன்" என்று கொத்தனார் ஏணியில் ஏறி, எங்கே காரை நிற்கிறது, எங்கே பெயர்ந்திருக்கிறது என்று கொத்துக்கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே வந்தார். ஓட்டைப் பக்கம் சத்தம் ஒரு மாதிரி இருந்தது. எதிர்ச் சுவர்ப் பக்கம், நான் பத்திரம் என்று கட்டிலை நகர்த்திய இடத்துக்கு நேர் மேலே, வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் இருந்தது. அங்கே இரண்டாவது தட்டுத்தான் தட்டியிருப்பார். மச்சின் அந்தப் பகுதி ஆறு செங்கல்லோடு அப்படியே இறங்கியது. தூசி அடங்கியதும் பார்த்தேன். மகளுக்காகப் புது உறை போட்டு வைத்திருந்த தலையணை செங்கல்லுக்கு அடியில் கிடந்தது.

கொத்தனார் ஏணியிலேயே நின்றபடி, "இங்க யாராவது படுக்குறாங்களா?" என்று கேட்டார். என் கணவர் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மகளிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்கிற விஷயமா? சம்பந்தியம்மாவுக்குத்தான் போன் செய்தேன். தலையணை, செங்கல், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது, மறைக்கவில்லை.

"வேல முடிய எத்தினி நாளு ஆவும்?" என்று கேட்டார்.

"பாஞ்சி நாளு சொல்றாரு."

"சரி. நல்லா காயட்டும். வெள்ள அடிக்கிற அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லுங்க. நானும் ஒரு பிரஷு புடிக்கிறேன். மறுநாளு புள்ளையக் கொண்டாந்து உட்டுடறேன்."